கப்டனும் கேணலும்: மரைன் படைபற்றி எழுதும்போது விடக்கூடாத பிழைகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்தால், என்னிடம் மொழிபெயர்ப்புப் பழகும் பிள்ளைகளுக்கு வேலை வந்துவிடும். போன வாரம் ஒரு பிள்ளை காட்டிய பிரதியில், நான் 2016 இல் விட்ட அதே பிழை இருந்தது. ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழையை எல்லாம் அவர்களே பிடித்துவிடுவார்கள். இங்கே சொல்பவை யாராவது சொன்னால்தான் தெரியவரும்.

கப்டனைக் கேணலுக்குக் கீழே வைப்பது

2016 நவம்பரில் அமெரிக்காவின் யூ.எஸ்.எஸ். சோமர்செட் இங்கே வந்தது. அதில் வந்த மரைன்கள், அதாவது கப்பலில் வந்து கரையில் இறங்கிப் போரிடும் படையினர், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த இலங்கை மரைன் பிரிவினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நேரம் ஒரு பத்திரிகைக்காகப் பின்னணிக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். கப்பல் தொகுதிக்கு ஒரு கப்டன் பொறுப்பு, அதில் ஏறிவரும் மரைன்களுக்கு ஒரு கேணல் பொறுப்பு, இருவரும் சமம் என்று மூலத்தில் இருந்தது. கேணல் பெரியவர், கப்டன் சின்னவர் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. மூலத்தில்தான் பிழை என்று முடிவுகட்டி, 'கேணலின் கட்டளையின் கீழ் கப்டன்' என்று மாற்றிவிட்டேன்.

அச்சில் வந்த அன்று காலையே, வெள்ளைக்காரர் காலத்தில் டொக்யாட்டில் எழுதுவினைஞராக இருந்த பெரியவர் ஒருவர் பத்திரிகையும் கையுமாக வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, கடல்ல கப்டன் எண்டா கேணலுக்குச் சமம். தரையிலதான் அவர் கொம்பனிக்காரன்" என்றார். பத்திரிகை திருத்தம் போட்டது. எட்டு மாதம் எனக்கு வேலை தரவில்லை.

விஷயம் இதுதான். மரைன்களின் தரப்பெயர்கள் தரைப்படையின் பெயர்கள். மரைன் கப்டன் ஒரு கொம்பனியை நடத்துபவர்; நூற்றைம்பது, இருநூறு பேருக்குத் தலைவர். கடற்படையில் அவருக்கு நிகர் லெப்டினன்ட். கடற்படைக் கப்டனோ அவரைவிட மூன்று படி மேலே. ஒரே கப்பலில் இரண்டு கப்டன்கள் நின்றால், எந்தப் படையின் கப்டன் என்று எழுதாவிட்டால் செய்தியே குழம்பிவிடும்.

தரப்பெயரோடு இது முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். ஈரூடகப் படை நடவடிக்கை, அதாவது கடலிலிருந்து கரைக்குப் படையை இறக்குவது, முழுவதும் இந்தச் சமநிலையில்தான் ஓடுகிறது. கப்பலும் பெரும்பாலான தரையிறங்கு கலங்களும் கடற்படையுடையவை; கரையில் இறங்கிச் சண்டை பிடிப்பவர்கள் மரைன்கள். எந்தக் கட்டத்தில் யார் யாருக்குத் துணை நிற்பது என்பதை மேலிடம் முன்கூட்டியே வகுத்துவிடும். எந்தக் கரையில், எத்தனை மணிக்கு இறங்குவது என்பதை இருவரும் சேர்ந்து திட்டமிடுவார்கள். ஒருவரை மற்றவருக்குக் கீழே போட்டுவிட்டால், கப்பல் வெறும் பஸ்ஸாகவும் கப்டன் அதன் சாரதியாகவும் வாசகருக்குத் தெரிவார்கள். புரியாத இடத்தில் மூலத்தைத் திருத்தாதீர்கள், கேளுங்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்கிறேன். அப்புறமும் இந்தப் பிழை வருகிறது.

எல்லா மரைனையும் கடற்படை வீரர் என்பது

அமெரிக்காவில் தனிப்படை. பிரிட்டனிலும் இலங்கையிலும் கடற்படையின் ஒரு பகுதி.

மார்கோஸை மரைன் படை என்பது

'மரைன் கொமாண்டோஸ்' என்பதன் சுருக்கம்தான் மார்கோஸ்; பெயரில்தான் மரைன் இருக்கிறது. இந்தியக் கடற்படையின் விசேட கொமாண்டோ அணி அது.

'அலகு' என்றால் சின்னது என்று நினைப்பது

அமெரிக்க மரைன்களின் கடல்வழி அலகு ஒன்றில் ஏறத்தாழ 2,200 பேர் இருப்பார்கள். அதை 'சிறு குழு' என்று எழுதிய பிரதியைக் கண்டிருக்கிறேன். கட்டளைப் பகுதி, ஒரு காலாட்படை பட்டாலியனைச் சுற்றிக் கட்டிய தரைப்பகுதி, விமானப் பகுதி, வழங்கல் பகுதி என நான்கும் அதற்குள் உண்டு. வழக்கமாக மூன்று கப்பல்களில் பிரிந்து ஏறுவார்கள். காயம்பட்டவருக்கு மருந்து கட்டுபவர் மரைன் அல்ல, கடற்படையிலிருந்து கூட வருபவர்.

வற்றுப்பெருக்கு வரிகளை வெட்டுவது

நம்முடைய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. அதனால் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு நீர்மட்டம் பற்றிய வரிகள் வெறும் வர்ணனையாகத் தோன்றுகின்றன. 1950 செப்டம்பர் 15 அன்று கொரியப் போரில் இஞ்சோனில் இறங்கிய அமெரிக்க மரைன்களுக்கு அந்த வித்தியாசம் ஏறத்தாழ 9 மீற்றர். காலைப் பெருக்கில் ஒரு பிரிவு தீவொன்றில் இறங்கியது. மற்றவர்கள் மாலைப் பெருக்கு வரும்வரை காத்திருந்தார்கள்.

அதற்கு ஏழு வருடம் முந்தியது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பசிபிக் தீவுக்கூட்டமான தராவாவில் நடந்த தரையிறக்கம். 1943 நவம்பர் 20 அன்று பவளப்பாரின் மேல் படகு மிதக்கப் போதிய தண்ணீர் இல்லை. சங்கிலிச் சக்கர வாகனங்கள் பாரில் ஏறிப் போய்விட்டன. படகில் வந்த மரைன்கள் அங்கேயே இறங்கி, எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, மார்பளவு தண்ணீரில் நூற்றுக்கணக்கான மீற்றர் நடந்தார்கள். மூன்று நாள் சண்டையில் ஏறத்தாழ 1,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். போன வாரப் பிரதியில் அந்த எண்ணிக்கை இருந்தது. தண்ணீர் குறைவாக இருந்தது என்ற வரி வெட்டப்பட்டிருந்தது.