வாசலில் பேவர் பிளாக்: கல்லுக்குக் கீழே உள்ள வேலை

பேவர் பிளாக் பதித்த இரண்டாவது மழைக்காலத்திலேயே பல வீடுகளில் கார் சக்கரம் ஏறும் இரண்டு தடமும் குழிந்து தண்ணீர் தேங்குகிறது. பழி கல்லின் மேல் விழுகிறது. கல் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். இறங்கியது அடியில் உள்ள மண். எனவே நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும் முன், அடியில் என்ன போடப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். 20 அடிக்கு 20 அடி உள்ள, கார் நிற்கும் முன்வாசலை வைத்துக் கணக்குச் சொல்கிறோம்.

முதலில் மட்டம். வேலை முடிந்தபின் தரை, வீட்டின் பேஸ்மென்ட் மட்டத்துக்கு (அஸ்திவாரத்தின் மேல் வீட்டுத் தரை தொடங்கும் மட்டம்) குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் சுவரில் ஓதம் ஏறும், கரையானுக்கும் வழி கிடைக்கும். கேட் திறக்கும்போது தட்டாத உயரத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, 10 அடிக்கு 2 அங்குலம். நம் வாசலில் வீட்டுப் பக்கத்துக்கும் கேட் பக்கத்துக்கும் 4 அங்குல வித்தியாசம் வரும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பார்த்து நான்கு மூலையிலும் முளை அடித்து, முடிந்த தரை வர வேண்டிய உயரத்தில் நூல் கட்டுங்கள். காம்பவுண்ட் சுவரை நோக்கி மட்டும் வாட்டம் வேண்டாம். அஸ்திவார மண் ஊறி, சுவர் சாயும்.

அந்த நூலிலிருந்து ஒன்பதரை அங்குலம் கீழே தோண்ட வேண்டும்: சரளை 6 அங்குலம், மணல் 30 மில்லிமீட்டர், கல் 60 மில்லிமீட்டர். வாட்டத்தைத் தோண்டும்போதே மண்ணில் கொண்டுவந்துவிடுங்கள். தரையைச் சமமாக விட்டுவிட்டு, மேலே மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் எடுப்பது பரவலாக நடக்கும் தவறு. ஒரு பக்கம் ஓர் அங்குலம், மறுபக்கம் நான்கு அங்குலம் என்று மணல் இருந்தால், அந்த நான்கு அங்குலப் பக்கம் கட்டாயம் இறங்கும். கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் ஓர் அடியாவது கூடுதலாக எடுத்து, அந்த இடத்தில் கிராவல் நிரப்புங்கள். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்ணின் மேல் எந்தக் கல்லும் நிலைக்காது.

தோண்டிய பள்ளம் திறந்திருக்கும்போதே, வாசலின் குறுக்கே 4 அங்குல பிவிசி பைப் ஒன்றைப் போட்டு இருமுனையையும் மூடி வையுங்கள். நாளைக்குத் தண்ணீர் லைனோ கேபிளோ போட வேண்டி வந்தால் கல்லைப் பெயர்க்க வேண்டியிருக்காது. சம்ப் மூடி, கழிவுநீர்த் தொட்டி மூடி, எர்த் குழி ஆகியவற்றை இறுதி மட்டத்துக்கு உயர்த்திக் கட்டவும் இதுவே நேரம்.

சரளைக்கு வெட்மிக்ஸ் நல்லது: பெரிய ஜல்லியிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்தது. இறுகிய கணக்கில் 200 கன அடி வேண்டும். தளர்வாக வாங்கும்போது இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று மூன்று அங்குலமாக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றையும் நனைத்து பிளேட் காம்பாக்டரால் (தட்டு அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) இறுக்குங்கள். ஆறு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டித் திம்சுக் கட்டையால் இடித்தால் மேல்பகுதி மட்டுமே இறுகும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் ஓட்டுங்கள்.

அடுத்து ஓரம். சுற்றிலும் கெர்ப் கல்லை (ஓரத்தைப் பிடிக்கும் கல்) கான்கிரீட்டில் நிறுத்தி, வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் அணை கொடுத்து ஏழு நாள் நனையுங்கள். ஓரம் பிடிக்காத இடத்தில் கார் திரும்பத் திரும்பக் கற்கள் விலகி, இடைவெளி வழியாக மணல் போய்விடும்.

கல் மணலில்தான் உட்கார வேண்டும். கிரஷர் பவுடர் மலிவு என்பதற்காக அதைக் கொட்டுகிறார்கள். அதிலுள்ள தூசி தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகி, சக்கர அழுத்தத்தில் இணைப்பு வழியே மேலே வரும். சிமென்ட் கலந்த மணலும் வேண்டாம். அது விரிசல் விடும், கல்லில் உப்பும் பூக்கும். கழுவிய, சற்றுக் கொரகொரப்பான எம்-சாண்ட் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) அரை யூனிட் போதும். ஓர் அங்குல ஜிஐ பைப் இரண்டை ஆறடி இடைவெளியில் சரளை மேல் கிடத்துங்கள். இடையில் மணலைக் கொட்டி, நேரான அலுமினியச் சட்டத்தைப் பைப் மேல் வைத்து இழுத்தால் ஒரே கனத்தில் பரவும். பிறகு பைப்பை உருவி, அந்தப் பள்ளத்தை மணலால் நிரப்புங்கள். இழுத்த மணலில் யாரும் கால் வைக்கக்கூடாது. பதித்த கல்லின் மேல் நின்றுதான் அடுத்த கல்லை வைக்க வேண்டும்.

கார் வரும் இடத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15658 படி 60 மில்லிமீட்டர் கனம், எம்-35 தரக் கல் (எம் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்). வெறும் நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர், எம்-30 போதும். 200-க்கு 100 மில்லிமீட்டர் கல் என்றால், வெட்டுச் சேதம் 5 சதவீதம் சேர்த்து 1,950 கற்கள். லோடு இறக்குமுன் ஒரு கல்லை வீட்டிலேயே சோதிக்கலாம். இந்த அளவுக் கல் சுமார் 2.8 கிலோ இருக்கும். நன்கு வெயிலில் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 170 கிராமுக்கு மேல் கூடினால் தரத்தில் சொன்ன 6 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது, வாங்காதீர்கள். இரண்டு கற்களை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும்.

கார் திரும்பும் இடத்தில் மீன்முள் அமைப்பில், ஒரு கல் நெடுக்கும் அடுத்தது குறுக்குமாகப் பதியுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் கல் கல்லைப் பிடிக்கும். இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர். நிறம் திட்டுத்திட்டாகத் தெரியாமலிருக்க இறக்கி வைத்த கற்களில் மூன்று அடுக்கிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். ஓரத்தில் முழுக் கல்லின் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டு வேண்டாம், பெயர்ந்துவிடும். காம்பாக்டர் கல்லை அழுத்தும் என்பதால், பதிக்கும்போது நூலுக்கு மேல் 10 மில்லிமீட்டர் நிற்கட்டும். ரப்பர் ஷீட் மாட்டிய காம்பாக்டரை இரண்டு முறை ஓட்டி, காய்ந்த சலித்த பி-சாண்டை (பூச்சு வேலைக்கான நைசு மணல்) தூவிப் பெருக்கி, மறுபடி ஓட்டுங்கள். இணைப்பு முழுக்க நிரம்பும்வரை இதைச் செய்ய வேண்டும். இணைப்பு மணல்தான் கற்களை ஒன்றாக்குகிறது. அவசரத்தில் அரைகுறையாக விடப்படுவதும் இதுதான்.

ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்த வாசலில் மட்டும் சுமார் 1,850 லிட்டர் விழும். கேட்டுக்கு உட்புறம் முக்கால் அடி அகலத்தில் சல்லடை மூடிய வாய்க்கால் வைத்து, அதை 3 அடி சதுரம், 5 அடி ஆழமுள்ள ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழிக்கு விடுங்கள். களிமண்ணில் அந்தக் குழி மட்டும் போதாது. அடியில் பத்துப் பதினைந்து அடிக்குக் கைத்துளை போட்டு மணல் அடுக்கை எட்ட வேண்டும். நடுவில் மரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாகவே விடுங்கள். வேருக்குத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் அது கல்லைத் தூக்கும்.

பதித்த சில வாரங்களில் வெள்ளையாக உப்பு பூத்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், நிறமும் மேற்பரப்பும் போய்விடும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும், இரண்டொரு மழையில் குறையும். பிரஷர் வாஷர் அடித்தால் இணைப்பு மணல் கிளம்பும், அன்றே திரும்ப நிரப்புங்கள். மிஞ்சிய கற்களில் முப்பதைப் பத்திரமாக அடுக்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது.