கிளாக் 17, 19, 26: மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஆஸ்திரியாவின் கிளாக் கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்தால், புதியவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அதே கறுப்பு நிறம், அதே சதுர முகம். 9 மில்லிமீட்டர் தோட்டா போடும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: காலியா என்று பாருங்கள்

முதலில் மேகசினை, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை, கழற்றுங்கள். அதன்பிறகுதான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால், அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றினாலும் அந்த ஒரு தோட்டா உள்ளேயே இருக்கும். கிளாக்கில் இன்னும் கவனம் தேவை. சுத்தம் செய்ய ஸ்லைடைக் கழற்றும் முன் விசையை அழுத்தியாக வேண்டும்; உள்ளே தோட்டா இருந்தால் வெடித்துவிடும்.

படி 2: எண்ணை நம்பாதீர்கள்

காஸ்டன் கிளாக்கின் 17ஆவது காப்புரிமை என்பதால் வந்த பெயர்தான் 17. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் அதை ஏற்றது. மற்ற எண்கள் அதன் பின் வந்த வரிசை எண்கள், அவ்வளவுதான். மூன்றில் 26தான் சிறியது.

படி 3: பிடியைப் பிடித்துப் பாருங்கள்

பலரும் குழலின் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். 17க்கு 114 மில்லிமீட்டர், 19க்கு 102, 26க்கு 87. ஆனால் கையில் எடுத்ததும் தெரிவது பிடியின் உயரம்தான். 17இல் விரல்கள் தாராளமாக அமரும். 19இல் பெரும்பாலான கைகளுக்கு இடம் போதும். 26இலோ சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, அடியில் மடங்கி நிற்கும். சுடும்போது எழும் உதைப்பை அடக்க அந்த விரலும் வேண்டும். மறுபக்கம், சட்டைக்குள் புடைத்துக் காட்டிக்கொடுப்பதும் குழல் அல்ல, பிடியின் அடிப்பாகம்தான். அதனால் பிடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். 2018இல் வந்த 19எக்ஸ் மாடலில் 17இன் பிடிமேல் 19இன் ஸ்லைடைப் பொருத்தினார்கள். பிடியும் குழலும் தனித்தனித் தேர்வுகள் என்பதற்கு அதுவே சாட்சி.

படி 4: மேகசின்

17இல் 17 தோட்டாக்கள், 19இல் 15, 26இல் 10. பெரியதன் மேகசின் சிறியதில் பொருந்தும், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். சிறியதன் மேகசின் பெரியதில் எட்டாது.

படி 5: விசை

இதில் மூன்றும் ஒன்றே. வழக்கமான மாடல்களில் வெளியே பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை நகரும். அதனால் சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

படி 6: தலைமுறை

ஒரே மாடலை அவ்வப்போது மாற்றி வெளியிடும் பதிப்புகளைத்தான் தலைமுறை என்கிறார்கள். நான்காம் தலைமுறை 2010இலும் ஐந்தாம் தலைமுறை 2017இலும் வந்தன. எந்தத் தலைமுறை என்று இவற்றின் ஸ்லைடிலேயே பொறித்திருக்கும். ஐந்தாவதில் பிடியின் முன்புறம் இருந்த விரல் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள். பழைய 19ஐயும் புதிய 17ஐயும் பக்கத்தில் வைத்தால், நீங்கள் உணர்வது மாடல் வித்தியாசமா தலைமுறை வித்தியாசமா என்றே பிடிபடாது. ஒரே தலைமுறையில் மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.