இசைச் சிகிச்சையில் இலக்கு எழுதும் முறை

சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு இசைச் சிகிச்சை தொடங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இலக்கு இசையைப் பற்றியதாக இருக்கலாகாது என்பதாகும். தாளம் பிசகாமல் தட்டுவதும் சுருதி சேர்ந்து பாடுவதும் பாட்டு வகுப்பின் நோக்கங்கள். சிகிச்சையில் குழந்தை தன் தேவையைத் தெரிவிக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும், கைநீட்டிப் பொருளைப் பற்றவும் பழகுவதற்கு இசை வழியாக அமைகிறது.

“என் பிள்ளை பேச வேண்டும்” என்று பெற்றோர் சொல்வதை அப்படியே இலக்காக எழுதிவிடக் கூடாது. அதைத் தள்ளிவிடவும் கூடாது. வீட்டில் எந்த நேரத்தில் பேச்சில்லாமை மிகுந்த சிரமம் தருகிறது என்று கேட்டால், தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாமல் அழுகிறான் என்பது போன்ற பதில் வரும். இலக்கை அங்கிருந்தே தொடங்கலாம்.

முதல் சில அமர்வுகளில் எதையும் கற்பிக்காமல் கவனிப்பதே நல்லது. எந்தக் கருவியை நோக்கிக் கை போகிறது, எந்த ஓசைக்குக் காதைப் பொத்திக்கொள்கிறது, உதவி தேவைப்படும்போது சைகை போதுமா அல்லது கையைப் பிடித்துச் செய்விக்க வேண்டுமா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்புத்திறன் பரிசோதனை முடிவும், வலிப்பு உண்டா என்ற விவரமும் முன்னரே கையில் இருத்தல் அவசியம்.

ஆட்டிசம் உள்ள, இன்னும் பேச்சு வராத ஆறு வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு நன்கு பழகிய பாட்டைப் பாடிக்கொண்டே வந்து, வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துகிறோம். பத்து முறை நிறுத்தியதில் இரண்டு முறை மட்டும் நிமிர்ந்து பார்த்தான் என்றால், அதுவே தொடக்க நிலை. இனி இலக்கை இவ்வாறு எழுதலாம்: “பாட்டு நிற்கும்போது, யாரும் தொட்டுத் தூண்டாமல், ஐந்து விநாடிக்குள் பார்வையாலோ ஒலியாலோ கையசைவாலோ ‘இன்னும் வேண்டும்’ என்று தெரிவிப்பான், மூன்று மாத முடிவில், அடுத்தடுத்த மூன்று அமர்வுகளில் பத்துக்கு ஏழு முறையாவது இது நிகழ வேண்டும்.” சூழல், செயல், உதவியின் அளவு, எண்ணிக்கை, காலம் ஆகிய ஐந்தும் இதில் இருப்பதால், அறையில் இருக்கும் இருவர் தனித்தனியே குறித்தாலும் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகும். “தொடர்புத் திறன் மேம்படும்” என்று எழுதினால் இருவரின் கணக்கும் அப்படி ஒத்துப்போகாது. ஒரு விஷயம்: அந்த ஐந்து விநாடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது பெரும்பாலும் குழந்தையைவிடச் சிகிச்சையாளருக்கே கடினம்.

“கண்ணைப் பார்த்துப் பேசுவான்”, “அசையாமல் உட்காருவான்” என்பவற்றை நான் இலக்குகளாக ஏற்பதில்லை. அவை சுற்றியிருப்பவர்களின் வசதிக்கானவை. கண்ணோடு கண் பார்ப்பது துன்பமாக இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டிசத்தின் தீவிரத்தைக் குறைப்பதாக எழுதுவதும் தவறு. ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பின்னும், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே அன்றாட வாழ்வில் பயன்படும் ஒரு சிறு செயலைப் பிடித்துக்கொள்வதே நேர்மையானது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குச் சீரான தாளத்தோடு நடைப்பயிற்சி தருவதாயின், இலக்கை இயன்முறை மருத்துவருடன் சேர்ந்தே எழுத வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு இலக்குகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் அமர்விலும் கோடு போட்டு எண்ணி வந்து, ஆறு வாரமாகியும் எண்ணிக்கை நகரவில்லையென்றால், குழந்தையைக் குறை சொல்லுமுன் படியைச் சிறிதாக்கியோ பாட்டை மாற்றியோ பார்க்க வேண்டும். இலக்கு எட்டியபின் பாட்டைப் படிப்படியாகக் குறைத்து, அதே சைகையைச் சாப்பாட்டு வேளையில் தண்ணீர் கேட்கப் பயன்படுத்துகிறானா என்று வீட்டாரும் வகுப்பாசிரியரும் கவனித்துக் குறிக்க வேண்டும்; அந்தக் குறிப்பு வந்த பிறகே அடுத்த இலக்கை எழுதலாம்.