மெடிகேர் மருந்துத் திட்டம்: மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள்

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்ட அப்பா அம்மாவுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் ‘பார்ட் டி’ மருந்துத் திட்டம் எடுக்கும்போது, பலரும் மாதக் கட்டணம் குறைவானதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது போதாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல் உண்டு. ஒரே மாத்திரை ஒன்றில் மலிவாக இருக்கும், இன்னொன்றில் விலை கூடுதலாக இருக்கும், சிலவற்றில் பட்டியலிலேயே இருக்காது.

அதனால் முதலில் வீட்டிலுள்ள மாத்திரை டப்பாக்களை எல்லாம் எடுத்து வைத்து, பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். மெடிகேரின் அரசு இணையதளத்தில் அந்த விவரத்தையும் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையையும் கொடுத்தால், ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவைத் திட்டவாரியாகக் காட்டும். ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையைத்தான். பட்டியல் ஆண்டுதோறும் மாறும் என்பதால், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான திட்டம் மாற்றும் காலத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது மருந்தே சாப்பிடவில்லை, அப்புறம் சேரலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 65 வயதை ஒட்டி முதன்முதலில் சேர்வதற்கான பதிவுக் காலம் முடிந்தபின், இணையான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் கடந்தால் அபராதம் வரும். பெரும்பாலும் அது ஆயுள் முழுக்க மாதக் கட்டணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, ஆறுதலான விஷயமும் உண்டு. பட்டியலில் உள்ள மருந்துகளுக்குக் கைக்காசு செலவின் உச்சவரம்பு 2025-இல் 2,000 டாலர், 2026-இல் 2,100 டாலர். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வகை இன்சுலினுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்க மாட்டார்கள். வருமானம் குறைவு என்றால் மருந்துச் செலவுக்கான ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்ற அரசு உதவிக்கு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் அந்த அபராதமும் கிடையாது.