தலைப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி பார்க்கும்போது யாழ்ப்பாணத்தில் பலரும் விடுகிற பிழைகள்

முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த கையோடு வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு பக்கம் பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, மற்றப் பக்கம் பிரைவேட். கனடாவிலிருந்து சித்தி போன் எடுத்து "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, பிரைவேட்டிலயே வையுங்கோ" என்பார், மாமி தன் மகளுக்கு நடந்ததைச் சொல்லி அதற்கு எதிராகக் கதைப்பார், கடைசியில் பிள்ளை பெறப்போகிறவளிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தக் கதைகளைக் கவனித்தால் எல்லாம் அறை, குளியலறை, சனநெரிசல், யார் எப்போது வந்து பார்க்கலாம் என்பதைச் சுற்றித்தான் போகும். இவை முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன், நோவோடு கிடக்கிற பெண்ணுக்கு ஒரு சுத்தமான குளியலறை பெரிய விஷயம்தான். ஆனால் சிக்கலில்லாத பிள்ளைப்பேறு எங்கே நடந்தாலும் பெரும்பாலும் நல்லபடியாக முடியும். ஆஸ்பத்திரியைத் தெரிவு செய்வது சிக்கல் வருகிற அந்த ஒரு இரவுக்காக. அதை யோசிக்காமல் முடிவெடுப்பதுதான் நான் காணும் பிழைகளில் முதலாவதும் பெரியதும்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை பிறந்து நச்சுக்கொடியும் வந்தபிறகு கருப்பை இறுகிச் சுருங்கவேண்டும். சுருங்காவிட்டால் இரத்தம் நிற்காது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது, அதனால் இந்தப் பெருக்கு மணிக்கணக்கில் காத்திருக்காது. முன்கூட்டியே எந்த அறிகுறியும் இல்லாத, கிளினிக்கில் எல்லாம் சரி என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கும் இது வரலாம். அந்த நேரத்தில் வேண்டியவை நான்கு: அனுபவமுள்ள கைகள், பொருந்துகிற இரத்தம், உடனே திறக்கக்கூடிய தியேட்டர், மயக்க மருந்து டொக்டர். அதே மாதிரி, பிள்ளையின் இதயத்துடிப்பு திடீரென்று இறங்கினால் அவசரச் சிசேரியன் தேவைப்படும், பிறந்த பிள்ளை மூச்செடுக்காவிட்டால் அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கட்டடத்துக்குள் இருக்கிற டொக்டர் யார்? விஓஜி, அதாவது மகப்பேற்று விசேட வைத்தியர், வீட்டிலிருந்து வரவேண்டுமா, வர எவ்வளவு நேரமாகும்? மயக்க மருந்து டொக்டர்? இரத்தம் உள்ளேயே இருக்கிறதா, வேறு இடத்திலிருந்து எடுத்துவர வேண்டுமா? குறைமாதமாகப் பிறந்தாலோ மூச்சுத் திணறினாலோ பிள்ளையை எங்கே வைப்பார்கள்? இங்கே சமாளிக்க முடியாவிட்டால் எங்கே அனுப்புவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. வடக்கு முழுவதிலுமிருந்து சிக்கலான நோயாளர்கள் வந்து சேருகிற இடம் அது. தாய்க்கும் பிள்ளைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் இரத்த வங்கியும் அங்கே இருக்கின்றன. அப்படியானால் பிரைவேட்டில் நீங்கள் எடுக்கும் முடிவுக்குள் அந்த ஆம்புலன்ஸ் பயணமும் அடங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

பிரைவேட் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பம், தனி அறை வேண்டும், கணவர் பக்கத்தில் இருக்கவேண்டும், செலவு தாங்கும் என்றால் அது நியாயமான தெரிவு. ஆனால் ஒன்று. பிரைவேட்டில் பார்க்கிற விசேட வைத்தியர்களில் பலர் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், கடமை நேரம் முடிந்தபிறகே இங்கே வருகிறார்கள். பகல் பதினொரு மணிக்கு நோவு கூடினால் அவர் எங்கே இருப்பார், அவருக்குப் பதிலாக யார் வருவார் என்பதை முதலே கேட்டுவைப்பது நல்லது. கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை: சொல்லுகிற தொகை சாதாரண பிள்ளைப்பேற்றுக்கா, அது சிசேரியனாக மாறினால் எவ்வளவு, பிள்ளையைத் தனியாக வைத்துப் பார்க்க நேர்ந்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது தெரிந்ததே.

அடுத்தது டொக்டரின் பெயரை மட்டும் வைத்துத் தெரிவு செய்வது. "இன்னாரிட்ட சனல் பண்ணினனாங்கள், அவர்தான் பிள்ளை எடுப்பார்" என்று, பிரைவேட்டில் காசு கட்டி ஒரு விசேட வைத்தியரைப் பார்த்துவிட்டு எவ்வளவோ பேர் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரண பிள்ளைப்பேற்றைப் பார்ப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில் கடமையிலிருக்கிற மருத்துவ மாதுக்களும் தாதிமாரும் வார்ட் டொக்டர்மாரும்தான். விஓஜி அந்த அணியை நடத்துகிறவர், சிக்கல் என்றால் வருகிறவர். இதில் குறை ஒன்றும் இல்லை, நூற்றுக்கணக்கான பிள்ளைப்பேறுகளைப் பார்த்த மருத்துவ மாதுவின் கை சாதாரணமான கை அல்ல. ஆனால் டொக்டரின் முகத்தை எதிர்பார்த்துப் போன பெண், நோவின் உச்சத்தில் அவரைக் காணாமல் பயந்துபோகிறாள். அந்தப் பயத்தைத் தவிர்க்கலாம். விசேட வைத்தியர்களுக்கு லீவும் உண்டு, இடமாற்றமும் உண்டு, நீங்கள் ஐந்தாம் மாதம் பார்த்தவர் பத்தாம் மாதம் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. சனலிங்கில் பார்க்கிறவர்கள் இன்னொரு காரியத்தையும் மறந்துவிடுகிறார்கள்: அங்கே எடுத்த ஸ்கான், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கிளினிக் அட்டையில் பதிந்துகொள்வது. இரவில் அட்மிட் பண்ணுகிற டொக்டர் அந்த அட்டையைத்தான் பார்ப்பார், வீட்டு அலமாரியில் கிடக்கிற ஃபைலை அவரால் பார்க்க முடியாது.

அந்த அட்டையை நீங்களும் ஒருமுறை வடிவாகப் படியுங்கள். அயல் வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரி சரியாக இருந்தது என்பதைவிட உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போகிறதா? 24 முதல் 28 கிழமைக்குள் குளுக்கோஸ் குடிக்கத் தந்து செய்கிற பரிசோதனையில் சீனி கூடியிருந்ததா? ஹீமோகுளோபின் 11க்குக் கீழா? இரட்டைப் பிள்ளையா, பிள்ளை கால் பக்கமாகக் கிடக்கிறதா, நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடக்கிறதா? சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வில் குறை இருக்கிறதா? இவற்றில் பலவற்றுக்கு விஓஜியே இடத்தைச் சொல்லிவிடுவார், அதோடு வீட்டு விவாதம் முடிந்துவிட வேண்டும். இரத்த வகை நெகடிவ் என்றால், பிள்ளை பொசிடிவாகப் பிறந்தபின் 72 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு ஒரு ஊசி போடவேண்டும். அது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றுகிற ஊசி, நீங்கள் பார்க்கிற இடத்தில் அது கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சிக்கல் எதுவும் இல்லையென்றால், பெரியாஸ்பத்திரிக்கு மட்டும்தான் போகவேண்டும் என்ற எண்ணமும் ஒரு பிழைதான். பருத்தித்துறைக்கு மந்திகை ஆஸ்பத்திரி இருக்கிறது, தெல்லிப்பழையிலும் சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. வடமராட்சிக் கரையில் இருக்கிற பெண் நடுச்சாமத்தில் 30 கிலோமீற்றருக்கு மேல் நோவோடு பயணம் பண்ணி நகரத்துக்கு வரத்தான் வேண்டுமா என்பதைக் கிளினிக்கில் கதைத்துப் பார்க்கலாம். அங்கே இப்போது விஓஜியும் மயக்க மருந்து டொக்டரும் தொடர்ந்து கடமையில் இருக்கிறார்களா என்பதை மட்டும் உங்கள் பகுதியில் வீட்டுக்கு வந்து பார்க்கிற குடும்பநல மாதுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியும், உங்கள் பகுதியில் மாதாமாதம் எத்தனையோ பேரை அனுப்பிக்கொண்டிருக்கிறவர் அவர்தான். சொல்லப்போனால் இந்த விஷயத்தில் முதலில் கேட்கவேண்டிய ஆளே அவர்தான், பலர் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

தீவுப்பகுதிக் கதை வேறு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல்வழியாக ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு நகரத்துக்குத் தரைவழி, கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்கே இருக்கிறவர்கள் நோவு வரும்வரை பார்த்திருக்காமல் திகதிக்கு நன்றாக முன்னதாகவே இக்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வந்து நிற்பதுதான் சரி. எப்போது வரவேண்டும் என்பதைக் கிளினிக்கில் கேட்டு, அதைவிட முந்தி வந்தாலும் பரவாயில்லை. 40 கிழமை என்று போட்டுத் தருகிற திகதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் மிகக் குறைவு, 37 கிழமை முடிந்தபின் எந்த நாளும் நடக்கலாம்.

தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் கொழும்பிலோ வவுனியாவிலோ இருக்கிற பெண் ஒன்பதாம் மாதக் கடைசியில் பஸ் ஏறி வந்து, இங்கே எந்தக் கிளினிக்கிலும் பதியாமல், நோவு வந்தபிறகு நேரே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது நடக்கிறது. இங்கே இருக்கிற டொக்டருக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வருவதாக இருந்தால் ஏழு, எட்டு மாதத்துக்குள் வாருங்கள், அட்டையை உங்கள் கையில் கொண்டுவாருங்கள், வந்த கிழமையே அம்மா வீட்டுப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கவேண்டியவர் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுதான், நீங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாவிட்டால் எப்படி வருவார்?

பெரியவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது? இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியில் பிறந்த ஒரு தலைமுறையே எங்கள் வீடுகளில் இருக்கிறது, 1898இல் பெண்களுக்கென்று மிஷன்காரர் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, அதைப் பற்றி அவர்கள் அன்போடுதான் கதைப்பார்கள். இன்னும் சிலர் யுத்த காலத்தில் மருந்தில்லாமல், ஊரடங்குக்குள் பிள்ளை பெற்றவர்கள். அவர்களின் பயமும் நம்பிக்கையும் உண்மையானவை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வார்டை வைத்து இன்றைய வார்டைத் தீர்மானிக்க முடியாது. அண்மையில், ஒரு வருடத்துக்குள், அதே இடத்தில் பெற்ற இரண்டு மூன்று பெண்களிடம் கேளுங்கள்: நோவு நேரத்தில் எப்படிக் கதைத்தார்கள், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் செய்தார்களா, பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டுப் பால் கொடுக்க உதவினார்களா, தாயைக் கேட்காமல் மாப்பால் கொடுத்தார்களா. லேபர் ரூமுக்குள் ஒரு பெண் துணைக்கு நிற்க விடுவார்களா என்பதும் கேட்கவேண்டியது. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நின்றால் பயமும் நோவும் எவ்வளவு குறையும் என்பதைப் பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடவசதியைப் பொறுத்து ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது மாறும்.

இனி நல்ல நேரம் பார்க்கிற விஷயம். கோபப்படாமல் வாசியுங்கள். நட்சத்திரம் பார்த்து நாள் குறித்து, அந்த நாளில் சிசேரியன் செய்துதருகிற இடமாகத் தேடிப்போகிற குடும்பங்கள் இருக்கின்றன. மருத்துவக் காரணம் இருந்து, 39 கிழமை முடிந்து, டொக்டர் தருகிற இரண்டு மூன்று நாளுக்குள் நல்ல நாளைத் தெரிந்தெடுத்தால் அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. நாளுக்காக 37, 38 கிழமையில் வெட்டி எடுப்பதுதான் பிரச்சினை. நோவு வராமல் அப்படி எடுக்கப்படுகிற பிள்ளைக்கு நுரையீரலில் தண்ணீர் தங்கி மூச்சுத்திணறல் வருகிற வாய்ப்பு அதிகம், தாயை விட்டுப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நேரலாம். அதோடு இது முதல் பிள்ளை. கருப்பையில் ஒரு வடு விழுந்தால் அடுத்த பிள்ளையில் நச்சுக்கொடி அந்த வடுவிலேயே ஊன்றிக்கொள்கிற ஆபத்தும் கூடும். காரணம் ஒன்றும் சொல்லாமல் கேட்ட நாளுக்கு "ஓம்" என்கிற இடத்தைக் கண்டால் எனக்கென்றால் சந்தேகம்தான் வரும்.

ஒரு இடத்தைத் தெரிவு செய்துவிட்டால் அதிலேயே பிடிவாதமாக நிற்பது மிக ஆபத்தானது. பன்னீர்க்குடம் உடைந்தது, இரத்தம் போகிறது, பிள்ளைத் துடிப்பு வழமையைவிடக் குறைவு, தாங்கமுடியாத தலையிடியோடு கண் மங்குகிறது, நெஞ்சுக்குழியில் நோகிறது, வலிப்பு வந்தது என்றால் "எங்கட டொக்டர் பின்னேரம்தான் வருவார்" என்று காத்திருக்கக் கூடாது, அடுத்த கிளினிக் நாளுக்கும் பொறுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும், அங்கிருந்து தேவையென்றால் அவர்களே அனுப்புவார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய ஆம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. அந்த இலக்கத்தை வீட்டில் எல்லாருடைய போனிலும் போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் திகதி வருகிறதென்றால் உங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா, வாகனம் வாசல்வரை வருமா என்பதையும் பார்த்து, அயலில் வாகனம் வைத்திருக்கிற ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் விடுபடுகிறவையும் உண்டு. துண்டு வெட்டித் தந்தவுடன் வெளிக்கிட்டுவிடாமல், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் பிறப்பு நிறையும் பீசீஜி ஊசி போட்டதும் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், தாய்க்கு எந்த அறிகுறிக்குத் திரும்பி வரவேண்டும் என்று கேளுங்கள். பிறப்புப் பதிவு 42 நாளுக்குள், பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் செய்யவேண்டும், அதனால் வேறு மாவட்டத்திலிருந்து வந்து பெற்றவர்கள் திரும்பிப் போவதற்கு முன்பே அதை முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே குடும்பநல மாதுவுக்கு ஒரு போன் எடுங்கள். முதல் பத்து நாளுக்குள் அவர் இரண்டு தடவையாவது வந்து பார்க்கவேண்டும், காய்ச்சலோ தையல் சீழோ பால்கட்டோ எதுவாக இருந்தாலும் அவரிடமே முதலில் காட்டலாம்.