இரவு ரயிலில் மதுரைக்கு: ஒரு பகலும் ஓர் இரவும்

சென்னையிலிருந்து முதன்முறையாக மதுரையைப் பார்க்கச் செல்பவர்கள் இரவு ரயிலில் செல்வதே நல்லது. பழைய நகரின் விளிம்பிலேயே ரயில் நிலையம் இருப்பதும், மீனாட்சியம்மன் கோயில் காலை ஐந்து மணிக்குத் திறந்து பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணிக்கு மீண்டும் திறப்பதும்தான் இதற்குக் காரணம். விடியற்காலையில் வந்து இறங்குபவருக்கு அந்தக் காலைப் பொழுது முழுவதும் கிடைக்கிறது. நண்பகலில் வந்து சேர்பவர் சாத்திய கதவின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இதற்கு மிகவும் ஏற்றது. முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பு தொடங்குகிறது. வார இறுதி, பொங்கல், தீபாவளி நாள்களுக்கு அன்றே எடுத்துவிடுவது பாதுகாப்பானது. தவறவிட்டால், ரயில் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புக்கும், 11 மணிக்குத் தூங்கும் வசதி வகுப்புக்கும் தட்கல் எனப்படும் கடைசி நேர முன்பதிவு திறக்கும். இணையத்தில் எடுத்த பயணச்சீட்டு, பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால் தானாகவே ரத்தாகிவிடும் என்பதால், அதை நம்பி நிலையத்துக்குப் போகக் கூடாது. ஆர்ஏசி (முழுப் படுக்கை உறுதியாகாமல் இருக்கை மட்டும் கிடைப்பது) என்றால் பயணம் செய்யலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். ரயில் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் பயணச்சீட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் தாண்டியதும் எழுந்து முகம் கழுவிவிடலாம். கூடல்நகரைக் கடந்து ரயில் வைகைப் பாலத்தில் ஏறும்போது பெட்டி படுக்கையுடன் வாசலருகே இருந்தால் போதும்.

அறை எடுக்காதவர்கள் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் பைகளை ஒப்படைக்கலாம். பைகளுக்குப் பூட்டு இருக்க வேண்டும், பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். அறை வேண்டுவோருக்கு டவுன் ஹால் சாலையிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு. சித்திரைத் திருவிழா நாள்களில் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்காமல் வரவே கூடாது.

நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோ தேவையில்லை. டவுன் ஹால் சாலையில் நேர் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் மேலக்கோபுரம் வந்துவிடும். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்து அமைந்திருப்பதால், எந்த வீதியில் நிற்கிறோம் என்று தெரிந்தாலே கோயில் எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்துவிடும்.

கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலருகில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிழக்கே அஷ்டசக்தி மண்டபத்தின் வழியாக நுழைந்து, பொற்றாமரைக் குளத்தைக் கடந்து முதலில் அம்மனையும் பிறகு சுந்தரேசுவரரையும் வணங்குவது இவ்வூர் வழக்கம். ஆயிரங்கால் மண்டபத்தை அவசரமாகப் பார்க்க வேண்டாம். அங்கே உண்மையில் இருப்பவை 985 தூண்கள். ஒவ்வொரு சிற்பத்தின் முன்பும் சற்று நின்றால்தான் அந்த வேலைப்பாடு கண்ணில் படும்.

நடை சாத்திய பிறகு தென்கிழக்காக விளக்குத்தூணை நோக்கி நடக்கலாம். அங்கு ஜிகர்தண்டா குடித்துவிட்டு, அருகிலுள்ள பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்து பாருங்கள். ஜவுளிக்கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே, கூரை எதையும் தாங்காமல் பத்து பெரிய கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையின் எல்லை ஒருகாலத்தில் இதுவரை நீண்டிருந்தது. இதைப் பார்த்த பிறகு திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால், இன்று எஞ்சியிருப்பது முழு அரண்மனையின் ஒரு சிறு பகுதியே என்பது நன்றாகப் புரியும்.

நேரம் இருந்தால் தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம். விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியிலுள்ள ஒரு வீட்டில். திருப்பரங்குன்றத்தையும் கீழடி அருங்காட்சியகத்தையும் அதே நாளில் திணிக்காமல் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே என் ஆலோசனை.

திரும்பும் ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல், சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்துடன் அம்மன் சன்னதிக்கு எடுத்துச்செல்லும் பள்ளியறை பூசை நடக்கிறது. மதுரையில் நான் எல்லாவற்றையும்விட மேலாக மதிப்பது இதைத்தான். சென்னைக்குத் திரும்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ அதே நேரத்தில் கிளம்பிவிடும் என்பதால், அதில் பதிவு செய்தவர்கள் இந்தப் பூசையைப் பார்க்க முடியாது. ஆகவே இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை வைகை எக்ஸ்பிரஸில் இருக்கை எடுங்கள். வலப்பக்கச் சன்னலோரம் கிடைத்தால், சோழவந்தானின் தென்னந்தோப்புகளைத் தாண்டியதும் திண்டுக்கல் வரை சிறுமலைத் தொடர் உடன் வரும்.