அரசு மருத்துவமனை நிர்வாகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து கிடைப்பதில்லை, மருத்துவர் பணியிடம் காலியாக இருக்கிறது, கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று குறைகளையும் ஒரே மனுவில் எழுதி மருத்துவமனைத் தலைவரிடம் கொடுப்பது, தமிழ்நாட்டில் பொதுநல அமைப்புகளும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் வழக்கமாகச் செய்வது. இம்மூன்றுக்கும் முடிவெடுக்கும் இடங்கள் வெவ்வேறாக இருப்பதால், அந்த மனு பெரும்பாலும் மேலனுப்பப்பட்டதோடு நின்றுவிடுகிறது.

அரசு மருத்துவமனைகள் எல்லாம் ஒரே தலைமையின் கீழ் இயங்குகின்றன என்று கருதுவதே முதல் தவறு. மக்கள் நல்வாழ்வுத் துறை ஒன்றுதான். ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கீழும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் வட்ட மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழும், ஊரக ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழும் வருகின்றன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பற்றிய புகாரை, ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் மாவட்ட அதிகாரியான நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பிப் பயனில்லை. அவருடைய பொறுப்பில் இருப்பது கும்பகோணத்தில் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனை. 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது இந்தக் குழப்பம் இன்னும் பல ஊர்களுக்குப் பரவியது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளாக இருந்தவை கல்லூரி மருத்துவமனைகளாக மாறின. பல இடங்களில் கட்டடமும் வாசலும் பழையவையே. மேலதிகாரி மட்டும் வேறு. இவற்றுக்கு அப்பால், இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் தொழிலாளர் நலத்துறை சார்ந்தவை, சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை, 108 ஆம்புலன்ஸ் தனி ஒப்பந்தத்தில் இயங்குவது.

இரண்டாவது தவறு, மருத்துவமனைக்கும் தலைவரான, ‘டீன்’ எனப்படும் மருத்துவக் கல்லூரி முதல்வரால் எல்லாம் முடியும் என்று நம்புவது. புதிய பணியிடத்தை உருவாக்க அரசாணை வேண்டும். ஆளெடுப்பை 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கவனிக்கிறது. இடமாற்றம் பெரும்பாலும் கலந்தாய்வில் முடிவாகிறது. கட்டடப் பணி பொதுப்பணித் துறையிடம் இருக்கிறது. துப்புரவும் காவலும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளன. ஆனால் இதிலிருந்து, அவருக்கு அதிகாரமே இல்லை என்ற முடிவுக்குப் போவது இதைவிடப் பெரிய தவறு. வெளிப்படையாகச் சொன்னால், சில மருத்துவமனைத் தலைமைகள் இந்த எண்ணத்தின் நிழலில்தான் சுகமாக இருக்கின்றன. இருக்கும் பணியாளர்களை எந்த வார்டில் எந்த நேரத்துக்கு நிறுத்துவது, மூத்த மருத்துவர்கள் உரிய நேரத்தில் வார்டு சுற்று வருகிறார்களா என்று பார்ப்பது, ஒப்பந்த நிறுவனம் வேலை செய்ததா என்று சரிபார்ப்பது ஆகிய யாவும் மருத்துவமனைக்குள்ளேயே முடிபவை. அன்றாடக் குறைகளுக்கு முதலில் அணுக வேண்டியவர் நிலைய மருத்துவ அலுவலர், அதாவது ஆர்.எம்.ஓ. அவரிடம் எழுத்தில் கொடுக்காமல் நேரே முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு மனு அனுப்பினால், பல நாள் சுற்றிய பின் அது அவர் மேசைக்கே விளக்கம் கேட்டு வந்து சேரக்கூடும்.

மருந்து விஷயத்தில் நடக்கும் தவறு சற்று நுட்பமானது. மருந்து இல்லையென்றால் மருந்தாளுநர் பதுக்கிவிட்டார் என்றோ அரசு பணம் தரவில்லை என்றோ உடனே பேசப்படுகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டதிலிருந்து கொள்முதல் மருத்துவமனைகளிடம் சிதறிக் கிடப்பதில்லை. கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் தரம் சோதித்த பின்னரே மாவட்டக் கிடங்குகளிலிருந்து வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட்ட தொகை ஒரு பாஸ்புக்கில் வரவாக எழுதப்பட்டு, எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படுகிறது. ஆகவே தட்டுப்பாட்டுக்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம்: கிடங்கில் இருப்பு இல்லாமை, மருத்துவமனையின் ஒதுக்கீடு தீர்ந்துபோதல், கிடங்கில் இருந்தும் மருத்துவமனை உரிய நேரத்தில் கேட்டுப் பெறாமை. மூன்றாவது முழுக்க உள்நிர்வாகத்தின் குறை. இவற்றில் எது என்று கேட்காமல் எழுதப்படும் செய்தியும் புகாரும் எளிதில் மறுக்கப்பட்டுவிடும். அவசரத் தேவைக்கு உள்ளூரில் வாங்கும் வழியும் மருத்துவமனைக்கு உண்டு என்பதால், அது பயன்படுத்தப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நிர்வாகத் தரப்பில் நடக்கும் தவறுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். சிறந்த அறுவை மருத்துவர் பணிமூப்பில் தலைமைக்கு வந்ததும் கணக்கு, ஒப்பந்தம், பணியாளர் விதிகள் எல்லாம் தாமாகவே கைவந்துவிடும் என்று எதிர்பார்ப்பது ஒன்று. ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது அந்தப் பொறுப்பு வந்தால், கற்றுக்கொள்ளவும் காலம் இருப்பதில்லை. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு பரவலாக வந்த நோயாளர் நலச் சங்கத்தைச் சடங்காக்கிவிடுவது மற்றொன்று. உடனடித் தேவைகளுக்குச் சென்னையின் ஒப்புதலை எதிர்பாராமல் செலவிட வழி செய்வதற்காகவும், வெளியாருக்கு நிர்வாகத்தில் ஓர் இடம் தருவதற்காகவும் அமைந்தது அது. கூட்டத்தையே கூட்டாமல் உறுப்பினர்களிடம் கையொப்பம் மட்டும் பெறும் இடத்தில் அந்த நோக்கம் இரண்டும் வீணாகின்றன.

இச்சங்கத்தின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் செலவு விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ‘நிர்வாக விவரங்கள் அனைத்தும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். எந்த நிதியாண்டு, எந்தக் கூட்டம், எந்தத் தலைப்பில் செலவு என்று குறித்துக் கேட்பதே முறை.